படித்தவர்கள் காத்திருக்கிறார்கள், வகுப்பில் ஆசிரியர் இல்லை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் வசிக்கும் நீங்கள் ஒரே வீட்டில் இரண்டு நிலைமையைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனுக்கு ஜூன் மாதத்திலிருந்து இயற்பியல் ஆசிரியர் இல்லை. பி.எஸ்சி. கணிதம் முடித்த உங்கள் மகள் பி.எட். படிக்க விரும்புகிறார், உறவினர்களோ, "லட்சக்கணக்கானவர்கள் படித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், அந்தப் படிப்பு எதற்கு?" என்று தடுக்கிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறையும், ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களின் வேலையின்மையும் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்து உண்மையாக முடியும், இந்தப் பணிக்கு மறுபடி மதிப்பு வர என்ன செய்ய வேண்டும், மகளைப் படிக்க வைக்கலாமா என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தும் இடைநிலை ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, ஆறு முதல் பத்து வரை நடத்தும் பட்டதாரி ஆசிரியை, பதினொன்று, பன்னிரண்டுக்குத் தாவரவியல் நடத்தும் முதுகலை ஆசிரியை என்று படிப்படியாக வந்து, வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். காலிப் பணியிடப் பட்டியலை ஆண்டுதோறும் என் கையால் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வது இதுதான்: தமிழ்நாட்டில் ஆசிரியராகத் தகுதி உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. காலியாகும் இடத்தை, அது காலியாகும் நாளிலேயே, முறையான ஊதியத்தில் நிரப்பும் வழக்கம்தான் நம்மை விட்டுப் போயிற்று. பணியின் மதிப்பு குறைந்ததும் அந்த வழக்கம் போனதோடு சேர்ந்துதான். ஆகவே உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்று நான் நம்புகிறேன்.

உலக அளவில் நிலைமை வேறு வகையானது. 2030-க்குள் தொடக்க, இடைநிலைக் கல்விக்கு 4.4 கோடி ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்று யுனெஸ்கோ 2024-ல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போக, பயிற்சி பெற்றவர்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சேர்ந்தவர்கள் சில ஆண்டுகளில் வேலையை விட்டுப் போகிறார்கள். நம்மிடமோ 2012 ஜூலையில் முதன்முதலாக ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தபோது 6 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து எழுதினார்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை என்பது பயிற்சிக் கல்லூரிகளைப் பற்றிய வேறொரு கவலை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வேலையை விரும்பி வரிசையில் நிற்க ஆட்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு பணியிடம் எப்படிக் காலியாகிறது என்று பாருங்கள். ஓர் ஆசிரியர் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்படும் பிறந்த தேதியிலிருந்தே தெரிந்துவிடுகிறது. ஆண்டின் நடுவில் வயது நிரம்பினாலும், பிள்ளைகளின் படிப்பு தடைபடக் கூடாது என்று கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் விளைவாகப் பெரும்பாலான இடங்கள் கோடை விடுமுறையோடு சேர்ந்து காலியாகின்றன, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த நாற்காலியில் ஆள் இருப்பதில்லை. பிறகு ஆகஸ்டு 1-ஆம் தேதி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கும். அதில் ஒரு பள்ளியில் உபரி என்றும் இன்னொன்றில் தேவை என்றும் கணக்கு வரும். அதன்பின் உபரி ஆசிரியரைத் தேவை உள்ள பள்ளிக்கு அனுப்பும் பணிநிரவல், மாறுதல் கலந்தாய்வு, பதவி உயர்வுக் கலந்தாய்வு. ஒருவர் பதவி உயர்வில் போனால் அவர் இருந்த இடம் காலியாகும், அதை நிரப்ப இன்னொருவர் நகர்வார், கடைசியில் எஞ்சும் இடங்களின் எண்ணிக்கைதான் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்குப் போகும். அங்கே அறிவிப்பு, தேர்வு, விடைக்குறிப்புக்கு ஆட்சேபம், சான்றிதழ் சரிபார்ப்பு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு, தடை, தீர்ப்பு என்று காலம் ஓடும்.

எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். முதுகலை ஆசிரியர்களுக்கு 2021-ல் 2,207 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அடுத்த அறிவிப்பு 1,996 இடங்களுக்கு 2025 ஜூலையில்தான் வந்தது. 2021-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை 2025 வசந்தத்தில் பன்னிரண்டை முடித்துப் பள்ளியை விட்டே போய்விடுவாள். அந்தப் பிள்ளையின் மேல்நிலைப் படிப்பு முழுவதும் இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே கழிந்திருக்கிறது. இடைநிலை ஆசிரியர்களுக்கு 1,768 இடங்கள் என்று அறிவித்து, பிறகு 1,000 இடங்கள் சேர்த்து, 2024 ஜூலையில் போட்டித் தேர்வு நடந்தது. தேர்வானவர்கள் வகுப்பறைக்குள் நுழைய மறு ஆண்டு ஆயிற்று.

இந்தத் தாமதத்தில் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்றும் இருந்தது. ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. அதனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வயது நிரம்பி ஓய்வு பெறுவோர் இல்லை. 2022 கோடையில் தேங்கிய ஓய்வுகள் தொடங்கும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். பெருந்தொற்றுக் காலத்தின் நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகள் தேர்வானவர்களின் பட்டியலை ஆயத்தம் செய்து வைக்கக் கிடைத்த அரிய அவகாசம். அது வீணாயிற்று, 2022 ஜூனில் பள்ளி திறந்தபோது 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பும்படி ஆயிற்று. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று முதலில் நிர்ணயித்தார்கள். பிறகு 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள்.

தற்காலிக ஏற்பாடு வகுப்பறைக்குள் என்ன செய்யும் என்பதை நான் பார்த்தபடியே சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு என் பள்ளியிலும் உங்கள் மகனுடைய பள்ளியைப் போலவே இயற்பியல் இடம் காலியானது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வேதியியல் ஆசிரியை தன் பாடத்தோடு அதையும் சேர்த்துப் பார்த்தார். ஆகஸ்டில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பணத்தில் ஓர் இளைஞரை அமர்த்தினோம். நன்றாக நடத்தினார், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. அக்டோபர் கடைசியில் அண்ணா நகர்ப் பக்கம் ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் இரண்டு மடங்குக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள் என்று வந்து நின்றார். வீட்டில் இரண்டு தங்கைகள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை. ஜனவரியில் இன்னொருவர் வந்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு மாணவியின் இயற்பியல் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் சில பக்கங்களில் வேதியியல் ஆசிரியையின் சிவப்பு மை. பிறகு அந்த இளைஞரின் நுணுக்கமான எழுத்தில், ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் எங்கே அலகு விட்டுப்போயிற்று என்ற குறிப்பு. நவம்பர், டிசம்பர் மாதங்களுக்குரிய பக்கங்களில் வழிகாட்டி நூலைப் பார்த்து அவளே எழுதிய விடைகள். திருத்தம் எதுவும் இல்லை, நான் பார்வையிட்டதற்கு அடையாளமாகப் பச்சை மையில் என் சுருக்கொப்பம் மட்டும். தாவரவியல் படித்த எனக்கு அந்த விடைகள் சரியா தவறா என்று முழுமையாகச் சொல்லத் தெரியவில்லை. செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரம் அவள் கையில் நுண்ணிய தடிமனை அளக்கும் திருகு அளவியைக் கொடுத்தபோது, அதன் சுழிப்பிழையை, அதாவது பூஜ்யத்தில் நிற்காத பிழையை, எப்படிப் பார்ப்பது என்று என்னிடமே கேட்டாள். அன்று அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை நான் மறக்கவில்லை.

அதே பள்ளியில் எங்கள் வருகைப் பதிவேட்டில் நிரந்தர ஆசிரியர்கள் கையெழுத்திடுவார்கள். தற்காலிக ஆசிரியர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாக இருந்தது. நான் பொறுப்பேற்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம் அது. கேள்வி கேட்காமல் நானும் சில காலம் தொடர்ந்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். காலையில் அலுவலக மேசையில் இரண்டும் அருகருகே கிடக்கும். யார் எதில் கையெழுத்திடுகிறார்கள் என்பதைத் தண்ணீர்க் குடம் எடுக்க வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்துக்கொண்டு போகும். "அந்த மிஸ் நோட்டு மிஸ்" என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் அந்த நோட்டை எடுத்துவிட்டு, பதிவேட்டிலேயே ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கினேன்.

பணியின் மதிப்பு பற்றி நீங்கள் கேட்டதற்கு என் விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. "வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை" என்று இன்று சொல்கிறார்கள். "வாக்குக் கற்றவனுக்கு, போக்குக் கற்றவனுக்கு" என்பதே அந்தப் பழமொழியின் பழைய வடிவம் என்று பெரியவர்கள் விளக்குவதுண்டு. சொல் எப்படித் திரிந்தது என்பதை அறிஞர்கள் தீர்க்கட்டும். திரிந்த வடிவம் மக்கள் மனத்தில் எளிதாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வேலையை அதைக் கொடுப்பவர் எப்படி நடத்துகிறாரோ அப்படித்தான் ஊரும் நடத்தும்.

2009-ல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல்; ஒரு நாள் வேறுபாட்டில் 3,170 ரூபாய் குறைவு. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர்கள் நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறை அலுவலக வளாகத்தின் முன் மீண்டும் மீண்டும் உட்கார்ந்ததையும், காவல்துறை வாகனங்களில் ஏற்றப்பட்டதையும் சென்னையில் இருக்கும் நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறோம். பேராசிரியர் அன்பழகன் பெயரை இப்போது தாங்கியிருக்கும் அந்த வளாகத்தை எல்லோரும் இன்னும் டி.பி.ஐ. என்ற பழைய பெயரிலேயே சொல்கிறோம். மாநில அரசின் இடைநிலை ஆசிரியருக்கு இன்று தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். அதே சென்னையில் மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் அதே வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தொடக்க ஆசிரியருக்கு 35,400 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு நம் மாநிலத்தில் 36,400. அதாவது எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, எல்லா வேலையிலும் கடினமான வேலையைச் செய்பவர், மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்து மதிப்பிடப்படுகிறார். இந்த வேறுபாடு நீங்காமல் தொடக்கக் கல்வியின் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலை இன்னும் வேதனையானது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பேரை 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரை நாள் என்று நியமித்தார்கள். 2023-ல் அது 12,500 ஆனது. மே மாதம் பள்ளி இல்லை என்று அந்த மாத ஊதியமும் ஆண்டுக்கணக்கில் தராமல் இருந்தார்கள். அன்று முப்பது வயதில் சேர்ந்தவருக்கு இன்று நாற்பத்து நான்கு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மே மாதம் கடன் வாங்கி வாழ்ந்த ஒருவரிடம் ஊர் எப்படி மரியாதை காட்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

ஊதியத்துக்கு அடுத்தது நேரம். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றே பெரிய வாசல். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, சென்னையில் ஆசிரியர்கள் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் மாதம் அது. இவை தவிர, விலையில்லாப் பாடநூல், சீருடை, காலணி, மிதிவண்டி என்று வருகின்ற பொருள்களை எண்ணி வாங்கி, கொடுத்து, ஒப்பம் பெற்று, கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளமான எமிஸில் ஏற்ற வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அலுவலகப் பணியாளர் என்று ஒருவராவது இருப்பார். தொடக்கப் பள்ளியில் அதுவும் கிடையாது; தலைமையாசிரியரே எழுத்தர், அவரே மூன்றாம் வகுப்பு ஆசிரியர். இணையம் மெதுவாக இருக்கும் முற்பகலில், கைபேசியை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு வருகைப்பதிவை ஏற்ற முயலும் ஆசிரியையைப் பார்த்துக்கொண்டு நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ பள்ளிப் பார்வைகளில் கண்டிருக்கிறேன். நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் இளநிலை உதவியாளரை நியமித்தாலே இதில் பெரும்பகுதி தீரும். விருது விழாக்களைவிட அந்த ஒரு நியமனம் ஆசிரியரின் மதிப்பைக் கூட்டும்.

விருதுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. செப்டம்பர் 5 அன்று ராதாகிருஷ்ணன் பெயரில் மாநில அரசு தரும் விருதைப் பெற்றவர்கள் என் உடன் பணியாற்றியவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பம் அடைந்த மகிழ்ச்சியைக் கண்டிருக்கிறேன். ராதாகிருஷ்ணனே நம் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். ஒரு பள்ளி ஆசிரியர் பொதுவாழ்வின் முன்வரிசைக்கு இயல்பாக வரக்கூடிய இடத்தில் அந்தப் பணி அன்று இருந்தது. இன்று பாடத்திட்டத்தை மாற்றும்போதும், தேர்வு முறையை மாற்றும்போதும் வகுப்பில் நிற்பவரிடம் கருத்துக் கேட்பது சடங்காகிவிட்டது. ஆசிரியர் நிலை பற்றி 1966-ல் பாரிஸில் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஏற்ற பரிந்துரை, கல்விக் கொள்கையை வகுப்பதில் ஆசிரியர் அமைப்புகளுக்கு இடம் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. அது நிறைவேறிய நாளைத்தான் ஆண்டுதோறும் அக்டோபர் 5-ல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நிரந்தர நியமனத்துக்கு அரசுத் தரப்பு சொல்லும் ஒரு தடை நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது. தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்ற நிலைக்கு 2020-லேயே வந்துவிட்டோம். இன்று முப்பது ஆண்டுப் பணிக்கு எடுக்கும் ஆசிரியருக்குப் பத்து ஆண்டு கழித்து வகுப்பில் பிள்ளைகள் இருப்பார்களா என்ற கேள்வி பொருளற்றதல்ல. ஆனால் இந்தக் கணக்கு சராசரியில் மட்டும் சரியாகத் தோன்றும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். முப்பதுக்கு ஒருவர் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். அந்த இருவர் ஐந்து வகுப்புகளை நடத்த வேண்டும் என்பதும், ஒருவர் பயிற்சிக்கோ பேறுகால விடுப்பிலோ போனால் மற்றவர் ஐந்தையும் ஏற்க வேண்டும் என்பதும் அந்தச் சராசரியில் தெரியாது. மேல்நிலையில் இன்னும் கடினம். இருபது பேர் மட்டுமே உள்ள அறிவியல் பிரிவானாலும் இயற்பியலுக்கு இயற்பியல் படித்தவர்தான் வேண்டும். தமிழாசிரியர் உபரியாக இருக்கிறார் என்பதால் அவரை அங்கே அனுப்ப இயலாது. பிள்ளைகள் குறைவதை வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற நிலையை எட்டக் கிடைத்த வாய்ப்பாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இடம் பற்றிய சிக்கல் ஒன்றும் உண்டு. தென் மாவட்டங்களில் உபரி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, விழுப்புரம் போன்ற வட மாவட்டங்களில் காலி என்பது பல்லாண்டு நிலைமை. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் தேர்வாகி வடக்கே வருபவர்கள் முதல் கலந்தாய்விலேயே ஊர் திரும்ப விண்ணப்பிக்கிறார்கள். குடும்பத்தைப் பிரிந்திருப்பவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே குடியிருப்பும், தனிப் படியும், இத்தனை ஆண்டு பணியாற்றினால் விரும்பிய இடத்துக்கு முன்னுரிமை என்ற உறுதியும் தந்தால் தங்குவார்கள்.

தகுதித் தேர்வைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். தகுதியைச் சோதிப்பது ஆசிரியரை அவமதிப்பது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒருவர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வில் வென்று, 2018-இன் அரசாணை 149-இன்படி மறுபடி ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2013-ல் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுக் காத்திருந்தவர்கள் தலை நரைத்துப் போனார்கள். இதன் மேல் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் உள்ளவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பாடம் நடத்திய ஐம்பது வயதுக்காரர்கள் இரவில் குழந்தை உளவியல் வினாவிடை மனப்பாடம் செய்கிறார்கள். நுழைவாயிலில் ஒரே தேர்வை, ஆண்டுக்கு ஒருமுறை, அறிவித்த தேதியில் தவறாமல் நடத்தி, அதை உயர்ந்த தரத்தில் வைப்பதும், உள்ளே இருப்பவர்களுக்குப் பணியிடைப் பயிற்சியும் வகுப்பறை மதிப்பீடும் வைப்பதும்தான் சரியான வரிசை. பின்லாந்தில் ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும், இடம் கிடைப்பதே அரிது. சிங்கப்பூரில் பயிற்சிக் காலத்திலேயே கல்வி அமைச்சகம் ஊதியம் தருகிறது. இரண்டு நாடுகளும் வாசலை உயர்த்தி வைத்துவிட்டு, உள்ளே வந்தவரை நம்புகின்றன.

நம் பயிற்சிக் கல்லூரிகளிலும் சீர்திருத்தம் வேண்டும். பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்காக மட்டும் பள்ளிக்கு வந்த பயிற்சி ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். வருகையே தேவையில்லை என்று விளம்பரம் போலச் சொல்லிச் சேர்க்கும் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். முன்பு சொன்ன 2012 தகுதித் தேர்வின் குறைந்த தேர்ச்சி விகிதத்துக்கு வினாத்தாளின் கடினமும் நேரக்குறைவும் காரணம் என்றாலும், இந்தக் கல்லூரிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

தனியார் பள்ளிகளைப் பற்றி ஒன்று. உங்கள் மகள் அரசுப் பணிக்குக் காத்திருக்கும் காலத்தில் அங்கேதான் வேலை பார்க்க நேரிடும். கட்டண நிர்ணயக் குழு ஒரு பள்ளியின் கட்டணத்தை முடிவு செய்யும்போது ஆசிரியர் ஊதியச் செலவையும் கணக்கில் எடுக்கிறது. அப்படிக் கணக்கு காட்டிய ஊதியம் ஆசிரியரின் வங்கிக் கணக்கில் உண்மையாகச் சேர்கிறதா என்று சரிபார்க்கும் வழக்கம் வந்தால், சென்னையின் ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கை மாறும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். மகளுக்கு விருப்பம் இருந்தால் படிக்கட்டும். கணிதத்துக்குத் தேவை குறையப் போவதில்லை. அரசுக் கல்லூரி கிடைக்க முயலுங்கள். சைதாப்பேட்டையிலும், கடற்கரை எதிரே லேடி வெலிங்டனிலும் கட்டணம் குறைவு, பயிற்சியும் முறையாக இருக்கும். அடுத்து எம்.எஸ்சி. படிக்கவும், முடிந்தால் தபால் வழியில் அல்லாமல் நேரடியாகப் படிக்கவும், பி.எட். படிக்கும்போதே திட்டமிடச் சொல்லுங்கள். அப்போது அவர் பட்டதாரி ஆசிரியர் தேர்வு, முதுகலை ஆசிரியர் தேர்வு இரண்டையும் எழுதலாம். சேர்வதற்கு முன் ஒரு வாரம் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதன்பிறகும் விருப்பம் மாறாவிட்டால், உறவினர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மகனுக்காக இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. காலியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்ட விதி எட்டாம் வகுப்பு வரைக்குமானது. மேல்நிலைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லாததால் பெற்றோர்தான் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, இயற்பியல் இடம் எந்த நாள் முதல் காலி, இதுவரை எத்தனை பாடவேளை நடக்கவில்லை, எந்தப் பாடங்கள் நிலுவை என்ற மூன்றையும் தீர்மானத்தில் எண்ணோடு எழுத வையுங்கள். அதன் படியை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, அந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட முதுகலைப் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று ஒரு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தலைமையாசிரியரோடு சண்டையிட வேண்டாம். அவரும் இதே பட்டியலை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்தான், எழுத்தில் பெற்றோர் தீர்மானம் இருந்தால் அவர் கேட்பதற்கும் வலு கூடும். அதுவரை, பக்கத்துப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரை வாரம் இரண்டு நாள் மாற்றுப்பணியில் அனுப்பக் கேளுங்கள். வடசென்னையில் பள்ளிகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, நாங்களும் ஒருமுறை அப்படித்தான் சமாளித்தோம். செய்முறை வகுப்பை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். விட்டுப்போன பாடத்தைக் கோடையில் படித்துக்கொள்ளலாம், ஆய்வகத்தில் கைபடாமல் போன கருவிகளை வீட்டில் பழக வழியில்லை.